பொருநையின் நீரளவை: சேரன்மகாதேவியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆறுகளைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இருவகைப்படும். இலக்கியங்கள் ஆற்றைப் பாடும் திறத்தை எடுத்துரைப்பன ஒருவகை. ஆற்று நீரின் அளவையும் ஓட்டத்தையும் பொறியியல் நோக்கிற் கணக்கிட்டு உரைப்பன மற்றொருவகை. முன்னவற்றைக் கற்போர் பின்னவற்றை நாடுவதில்லை. பின்னவற்றை வகுப்போர் முன்னவற்றைப் பொருட்படுத்துவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே, ஓர் ஆற்றங்கரை மக்கள் தம் நீரை எவ்வாறு அறிந்தனர், எதனைக் கொண்டு அளந்தனர், அவ்வளவை காலந்தோறும் எவ்வாறு மாறியது என்னும் வரலாறு போதிய அளவு ஆராயப்படாமற் கிடக்கின்றது. அவ்வரலாற்றைப் பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையில் அமைந்த சேரன்மகாதேவியை முன்வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரை அளக்கும் நெறி இப்பள்ளத்தாக்கில் மூன்று நிலைகளாக வளர்ந்துள்ளது என்பது நம் கருத்து. எவருக்கு, எப்பொழுது, எந்த வரிசையில் நீர் என்று அளப்பது முதல் நிலை. இதனை ‘முறை’ என்னலாம். எத்துணை நீர் என்று கன அடிகளாற் கணிப்பது இரண்டாம் நிலை. எத்தகைய நீர் என்று அதன் தன்மையைச் சோதித்தறிவது மூன்றாம் நிலை. பின் வந்த ஒவ்வோர் அளவையும் முன்னதை வேண்டாததாக்கிவிட்டது என்று கருதுவோர் உளர். அங்ஙனம் கருதுதல் பொருந்தாது என்பதும், மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் ஆற்றைப் பற்றிய அறிவு முழுமையுறும் என்பதும் ஈண்டு நிறுவப்பெறும்.

1. ஊரும் ஆறும்

தாமிரபரணி மேற்குத் தொடர்ச்சி மலையின் பொதிகைப் பகுதியிற் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு முதலியவை இதன் துணையாறுகள். தமிழ்நாட்டின் ஆறுகளுள் பலவும் வேற்றுப் புலத்தில் தோன்றி இங்கு வருவன. இதுவோ தோன்றுமிடம் முதற் கடல் சேருமிடம் வரை தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடுகின்றது.

இவ்வாற்றின் சிறப்பியல்பு இரு பருவக்காற்றுகளாலும் இது நீர் பெறுதலாகும். தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டிற் பொழியும் மழையால் ஆனி, ஆடி மாதங்களில் ஆறு பெருகும். அந்நீரைக் கொண்டு விளைவது கார். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் மலையிலும் சமவெளியிலும் பெய்யும். அந்நீரைக் கொண்டு விளைவது பிசானம். கல்வெட்டுகளில் இது பசானம் என வழங்கும். காரும் பிசானமும் நெற்பயிரின் பெயர்களாக மட்டும் நிற்பனவல்ல. ஆற்றின் ஈரியல்பை உழவர் பகுத்தறிந்து இட்ட பெயர்களும் ஆகும். நீரியலார் ஆண்டு முழுதும் ஓட்டத்தை அளந்து வரையும் கோட்டில் காணப்படும் இரு முகடுகளை, ஊரார் இரு சொற்களிலே அடக்கி வைத்துள்ளனர் எனலாம்.

சேரன்மகாதேவி இவ்வாற்றின் தென்கரையில் உள்ளது. ஊர்க்கு வடக்கே ஆறு. தெற்கே கன்னடியன் கால்வாய். இரண்டிற்கும் நடுவே கோயில்களும் குடியிருப்பும் வயலும் அமைந்துள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வூர் முள்ளி நாட்டு நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் என வழங்குகின்றது. பாண்டி நாடு சோழராட்சிக்கு உட்பட்டபோது சோழ பாண்டியர் என்னும் பட்டம் பூண்டு ஆண்ட அரசப் பிரதிநிதிகளின் கல்வெட்டுகளும் இவ்வூர்க் கோயில்களில் உள்ளன. ஆங்கிலேயர் ஆட்சியில் துணை ஆட்சியரின் அலுவலகம் இவ்வூரில் அமைந்தது. எனவே கல்வெட்டுச் சான்றும் அரசாங்கக் கணக்கும் கால்வாய்ப் பாசனத்தார் வழக்கும் ஒருங்கே கூடும் இடமாக இவ்வூர் விளங்குகின்றது. இதனை ஆய்வுக்குக் கொண்டமைக்குக் காரணம் அதுவே.

2. முறை என்னும் அளவை

பழங்காலத்து மக்கள் நீரைக் கன அளவால் அளந்திலர். அதனால் அவர் நீரை அளக்கவே இல்லை என்று கொள்ளுதல் தவறு. அவர் அளந்தது நீர் செய்யும் வினையை. ‘ஓர் உழவு மழை’, ‘ஈருழவு மழை’ என்னும் வழக்கை நோக்குக. வானத்திலிருந்து வீழ்ந்தது எத்துணை அங்குலம் என்பதை அது கூறுவதில்லை. நிலம் உண்ட ஈரம் எத்தனை உழவுக்குப் போதும் என்பதைக் கூறுகின்றது. மழைமானி காட்டும் அளவு ஒன்றாக இருப்பினும், கரிசலில் ஈருழவாக நிற்கும் மழை செம்மணலில் ஓருழவாகவும் நில்லாமற் போகலாம். ஆதலின் இவ்வழக்கு மழையையும் மண்ணையும் சேர்த்து அளக்கும் ஓர் அளவை என்க.

பாசன நீரிலும் இதே நெறி காணப்படும். மடையின் அளவு, அது திறந்திருக்கும் காலம், பாயும் நிலத்தின் பரப்பு ஆகிய மூன்றையும் கொண்டு நீர் பங்கிடப்பட்டது. மாவும் வேலியும் நிலத்தின் அளவைகளாயினும், நன்செய்யைப் பொறுத்த மட்டில் அவை நீரின் அளவைகளும் ஆயின. இத்தனை மா நன்செய் உடையவன் என்றால் அத்தனை மாவுக்கு நீர் பெறும் உரிமை உடையவன் என்பது பொருள். தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரிவாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைப்பதை அறிஞர் அறிவர். ஏரி ஓர் ஊர்க்கு உரியது. ஆதலின் ஓர் ஊர்ச் சபையின் வாரியம் அதனைக் காக்கப் போதும். ஆறோ பல ஊர்க்கு உரியது. மேலூர் முழுதும் எடுத்தாற் கீழூர் காயும். ஆகவே பொருநைக் கரையில் முறை என்பது ஓர் ஊரின் உள்விவகாரமாக நில்லாமல், ஊர்களுக்கிடையிலான ஒழுங்காக வளர்ந்தது.

இவ்வொழுங்கு எத்துணை உறுதியாயிருந்தது என்பதற்கு அண்டை ஊர்க் கல்வெட்டு ஒன்று துணைபுரியும். அம்பாசமுத்திரத்து வரகுண மகாராசரின் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினது. அதன்படி, முள்ளி நாட்டு இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு முதலாக வைக்கப்பெற்றது. முதல் கெடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரு கலமாக 580 கலம் நெல்லைக் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். வட்டி பொன்னாகவன்றி நெல்லாக வரையறுக்கப்பட்டது. அதுவும் ஆண்டு குறியாது, என்றும் நடைபெற வரையறுக்கப்பட்டது. மழையை மட்டும் நம்பிய வானம் பார்த்த பூமியில் இத்தகைய உடன்படிக்கையை ஒரு சபை ஏற்குமா என்று நாம் வினவுதல் வேண்டும். விளைவு ஆண்டுதோறும் தவறாது என்னும் நம்பிக்கை இன்றி இது நிகழாது. அந்நம்பிக்கைக்கு அடிப்படை ஆற்றுநீரின் ஒழுங்கே. இங்ஙனம் நோக்கின், சமய வரலாற்றுக்கும் பொருளியல் வரலாற்றுக்கும் சான்றாகக் கொள்ளப்பெறும் அறக்கட்டளைக் கல்வெட்டு, நீர் வரலாற்றுக்கும் சான்றாதல் புலனாகும்.

3. கன்னடியன் கால்வாயும் மிளகுப் பிள்ளையாரும்

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலிருந்து கீழாக அவை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், சிறிவைகுண்டம் என்பன. இவற்றுள் முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. இறுதியதாகிய சிறிவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பக்கிள் என்பார் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த காலத்தில் எழுந்தது. இவ்வணைக்கட்டுகளிலிருந்து பிரியும் 11 கால்வாய்களால் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகின்றது.

பழைய அணைக்கட்டுகளின் அமைப்பு கருதத்தக்கது. ஆற்றின் குறுக்கே நேர்கோடாகச் செல்லாமல், மருதூர் அணைக்கட்டுப் போன்றவை குதிரைலாட வடிவாக வளைந்து செல்கின்றன. வளைவால் அணையின் நீளம் மிகும். நீளம் மிகுந்தால் வெள்ளம் அகன்று வழியும். வழியும் நீரின் உயரம் குறையும். அதனால் அணைக்கும் கரைக்கும் வரும் கேடு குறையும். இவ்விதியை ஏட்டில் எழுதி வைத்தவர் யார் என்று தேடுவதினும், கல்லில் எழுதி வைத்துள்ளனர் என்று கொள்ளுதலே தகும்.

மூன்றாவது அணைக்கட்டிலிருந்து பிரிவது கன்னடியன் கால்வாய். அது கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி ஊர்களின் வழியே சென்று, இடையிலுள்ள குளங்களை நிரப்பி, ஏறத்தாழ 12,500 ஏக்கருக்குப் பாய்கின்றது. இக்கால்வாய் தோன்றிய வரலாறு பற்றிச் செவிவழிக் கதை ஒன்று வழங்குகின்றது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தாம் பெற்ற பொருளைக் கொண்டு அறம் செய்ய விரும்பினார் என்றும், அகத்தியர் அருளால் ஒரு பசு முன்னே நடந்தது என்றும், அது சென்ற வழியே கால்வாயும், படுத்த இடங்களிற் குளங்களும், நீர்விட்ட இடங்களில் மடைகளும் வகுக்கப்பெற்றன என்றும் கூறுவர்.

கதையை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் கதைக்குள் அடங்கிய செய்தியைத் தள்ளிவிடுதலும் கூடாது. கால்வாய் ஆற்றினும் உயர்ந்த மட்டத்திற் செல்லுதல் வேண்டும்; அன்றேல் வயலுக்கு நீர் ஏறாது. அதே வேளையிற் சரிவு மிகுதல் கூடாது. மிகின் கரை அரிக்கும். எனவே நிலத்தின் சமமட்டத்தை ஒட்டி, மிக மெல்லிய சரிவில் அது வளைந்து செல்லும். சரிவான நிலத்தில் ஏறவும் இறங்கவும் விரும்பாது மட்டத்தை ஒட்டி நடப்பது மேயும் பசுவின் இயல்பு. மட்டமறியும் கருவியைப் பற்றிய நினைவு மறைந்தபின், அவ்வறிவைப் பசுவின் மேல் ஏற்றிச் சொல்லிய கதை இது என்று நாம் கருதுகிறோம். மேலும், படுத்த இடம் குளம் என்பது, தாழ்ந்த நிலம் நீர் தங்குதற்கு உரியது என்பதனை உணர்த்துகின்றது.

சேரன்மகாதேவியிற் கன்னடியன் கால்வாயை ஒட்டி மிளகுப் பிள்ளையார் கோயில் உள்ளது. மழை பொய்த்த காலங்களில் இக்கால்வாய்ப் பாசனத்தார் கூடி, மிளகை அரைத்துப் பிள்ளையார் திருமேனி முழுதும் பூசி, நீராட்டுவர். அந்நீர் கால்வாயிற் கலக்குமாயின் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையின் மெய்ம்மையை ஆராய்தல் நம் பணியன்று. வரலாற்று மாணவர்க்கு இவ்வழிபாடு இரு செய்திகளைத் தருகின்றது. ஒன்று, வழிபடுவோர் ஓர் ஊரினராகவோ ஒரு குலத்தினராகவோ அன்றி, ஒரு கால்வாயின் நீரை உண்போர் என்னும் உறவால் கூடுகின்றனர். நீரே ஒரு சமுதாயத்தை அமைக்கின்றது. மற்றொன்று, இவ்வழிபாடு ஆண்டுதோறும் வரும் திருவிழா அன்று. நீர் முட்டுப்பட்ட ஆண்டில் மட்டும் நிகழ்வது. ஆகவே இது நடந்த ஆண்டுகளைக் கோயிற் கணக்குகளிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் தொகுத்து வரிசைப்படுத்தின், அது மழைமானிக் கணக்கோடு ஒப்பிடத்தக்க வறட்சிப் பட்டியலாக அமையும். இத்தகைய தொகுப்பு முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பொருளாகும்.

4. கன அளவு என்னும் அளவை

நீரைக் கன அளவாற் கணித்தல் மேலைநாட்டிலும் மிகப் பழமையான நெறி அன்று. மழைநீர் மட்டுமே ஆறுகளை ஓடச் செய்யப் போதுமா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. பிரான்சு நாட்டுப் பெரோ என்பார் 1674இல் செய்ன் ஆற்றின் மேற்பகுதியை எடுத்துக்கொண்டு, அங்குப் பெய்த மழையையும் ஆற்றில் ஓடிய நீரையும் கணக்கிட்டார். மழை ஆற்றோட்டத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்று காட்டி அவ்வையத்தைத் தீர்த்தார். அளவை நெறியான நீரியல் அந்நூலினின்று தொடங்குவதாகக் கூறுவர்.

பொருநையின் பிறப்பிடத்திற்கு அறிவியற் கருவி ஏறியது 1855இல் ஆகும். திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநராயிருந்த யான் ஆலன் பிரௌன் என்பார், திருவிதாங்கூர் அரசின் ஆதரவோடு, அகத்திய மலையின் உச்சிப் பகுதியில் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், காடும் பனிமூட்டமும் சூழ்ந்த இடத்தில், காந்த ஊசியின் அசைவும் வளிமண்டல நிலையும் குறிக்கப்பெற்றன. அவர் கண்ட காந்தவியல் முடிவுகள் 1874இல் நூலாயின. அகத்தியர் இருப்பிடம் என்று தமிழர் போற்றிய மலை உலக அறிவியலுக்கும் ஓர் ஆய்வுக்களமாயிற்று. எனினும் அவர் நாட்டம் புவியின் காந்தத்தின்மேற் சென்றதேயன்றி, அம்மலையிற் பிறந்த ஆற்றின்மேற் செல்லவில்லை.

ஆற்றைக் கணக்கிடும் பணி வருவாய்த்துறையினர் வழியே வந்தது. 1879இல் வெளிவந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மாவட்டக் கையேடும், 1917இல் வெளிவந்த பேட்டின் மாவட்ட விவரச்சுவடியும் இதற்குச் சான்றுகள். நிலவரி விதிப்போர்க்கு நீர் வேண்டியது நீரின் பொருட்டன்று, வரியின் பொருட்டே. எனவே எத்தனை ஏக்கர் பாசனம் பெறும் என்னும் எண்ணே முதற்கண் எழுதப்பெற்றது. அணைகள் கட்டப்பெற்ற பின்னரே எத்துணை நீர் தேங்கும் என்னும் எண் முதன்மை பெற்றது. பாபநாசம் அணை 5,500 மில்லியன் கன அடி கொள்ளும். அதனைச் சார்ந்த நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. 1958இல் முடிவுற்ற மணிமுத்தாறு அணையும் ஏறத்தாழ அதே கொள்ளளவினது. சேர்வலாறு அணை 1986இல் வந்தது. கீழே முறப்பநாட்டில் நடுவண் நீர் ஆணையம் ஆற்றின் மட்டத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் நிலையத்தை வைத்துள்ளது. நவகைலாயத் தலங்களுள் ஒன்றாகிய அவ்வூர் நீரளவைத் தலமும் ஆயிற்று.

இவ்வெண்களின் பொருளை நம் துறையினர் உணர்தற்கு எளிய கணக்கு ஒன்றைத் தருதும். ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நீர் நிற்க 43,560 கன அடி வேண்டும். கன்னடியன் கால்வாயின் 12,500 ஏக்கரிலும் ஓரடி நீர் நிற்க ஏறத்தாழ 545 மில்லியன் கன அடி வேண்டும். அது பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. சிறிவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்க வகுக்கப்பெற்ற திட்டத்தை இதனோடு ஒப்பிடுக. நாளொன்றுக்கு அது ஏறத்தாழ 3.2 மில்லியன் கன அடி, சிறிதெனத் தோன்றும். ஆண்டு முழுதும் எடுப்பின் ஏறத்தாழ 1,170 மில்லியன் கன அடியாகும். கன்னடியன் பாசனப் பரப்பு முழுதையும் ஓரடி நீரால் இருமுறை நிரப்புதற்கு அது போதும். பயிருக்கு வேண்டும் நீர் பருவத்திற்கு வேண்டுவது. ஆலைக்கும் நகருக்கும் வேண்டும் நீர் நாள்தோறும் வேண்டுவது. காலனையும் கன அடியையும் ஒன்றாக்கிக் கணக்கிட்டாலன்றி இவ்வேறுபாடு தோன்றாது. கன அளவு தரும் பெரும்பயன் இதுவாகும்.

5. ‘மிகை நீர்’ என்னும் சொல்

கன அளவு தரும் பயனோடு, அது மறைப்பதும் உண்டு. அதனை ‘மிகை நீர்’ என்னும் சொல்லைக் கொண்டு காண்போம்.

தாமிரபரணியின் வெள்ள நீரைக் கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றோடு இணைக்கும் திட்டம் 2009இல் தொடங்கப்பெற்றது. கன்னடியன் கால்வாயில் வெள்ளங்குளி அருகே தொடங்கி, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் சென்று, நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்கு நீர் தருவது அதன் நோக்கம். ஆண்டுதோறும் சராசரியாக ஏறத்தாழ 13,750 மில்லியன் கன அடி நீர் கடலிற் சேர்கின்றது என்றும், அதில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பலாம் என்றும் கணக்கிட்டு இது வகுக்கப்பெற்றது. வறண்ட நிலத்து மக்களின் தேவை உண்மையானது. பசு காட்டிய வழி என்று கதை கூறும் கால்வாய் மற்றொரு முறை வழிகாட்டியாவதும் போற்றத்தக்கதே. எனினும் சராசரி என்பது எந்த ஆண்டிலும் ஓடாத நீர் என்பதை மறத்தலாகாது. நிறைந்த ஆண்டும் வறண்ட ஆண்டும் கூடிய எண் அது. பசானத்திற்கு நீர் இன்றி மிளகுப் பிள்ளையாரை நாடும் ஆண்டில் மிகை என்பதொன்று இல்லை. எனவே எத்துணை திருப்பலாம் என்பதோடு, எந்த நிலையில், எவர் பங்கு நிறைந்தபின் திருப்பலாம் என்பதும் வரையறுக்கப்படுதல் வேண்டும். அதுவே முன்னோர் முறை என்ற பெயரால் வகுத்தது. மருதூர், சிறிவைகுண்டம் அணைக்கட்டுகளின் கீழுள்ள கடைமடை நிலத்தார் மேற்பகுதித் திட்டங்கள் குறித்துக் கவலையுறுவதன் காரணமும் இதனால் விளங்கும்.

கடலிற் சேரும் நீர் முழுதும் வீண் என்பதும் வரலாற்றொடு பொருந்தாது. பாண்டியரின் துறைமுகமாய், முத்திற்குப் பெயர்பெற்று, மேலைநாட்டுத் தாலமியால் கொல்கை எனக் குறிக்கப்பெற்ற கொற்கை, இன்று கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ளது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தூர்த்தமையால் துறைமுகம் பின்னடைந்து காயல் எழுந்தது என்பதைக் கால்டுவெல் 1881ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாற்றில் எடுத்துரைத்துள்ளார். ஒரு தலைநகரின் வாழ்வையும் தாழ்வையும் முடிவுசெய்தது கடலுக்குச் சென்ற நீரும் அது சுமந்த மண்ணுமே.

வெள்ளமும் கன அளவுக் கணக்கைச் சோதித்துள்ளது. 1992 நவம்பர் வெள்ளம் மலையினின்று இறங்கி வந்தது. 2023 டிசம்பர் 18ஆம் நாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்திற் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. இப்பெருமழை அணைகளுக்குக் கீழே, கடலோரச் சமவெளியிற் பொழிந்தது. மலையில் நீரைத் தேக்கும் அணைகள் அணைக்குக் கீழ்ப் பெய்யும் மழையைத் தேக்க மாட்டா. அந்நீரை ஏற்க வேண்டியவை குளங்களும் கால்வாய்களுமே. அவற்றிற் பல உடைந்தன. கால்வாயும் குளமும் பாசனத்திற்கு மட்டும் உரியன அல்ல, வெள்ளத்தைப் பகிர்ந்து ஏற்பதற்கும் உரியன என்னும் பாடத்தை அந்நாள் புகட்டிற்று.

6. தன்மை என்னும் அளவை

இனி நீரின் தன்மையை நோக்குவோம். தாமிரபரணி என்னும் பெயரில் தாமிரம் இருத்தலின், ஆற்றுநீரிற் செம்பு கலந்துள்ளது, அது நோய் தீர்ப்பது என்று பலரும் கூறுவர். பெயரினின்று பொருளின் தன்மையைத் துணிதல் ஆராய்ச்சி நெறி ஆகாது. இப்பெயர் ஆற்றுக்கு மட்டும் உரியதன்று, ஈழத்தீவுக்கும் உரியது. அசோகனின் கல்வெட்டுகளிற் குறிக்கப்பெறும் தாமிரபரணி ஈழம் என்பதே அறிஞர் பலரின் கொள்கை. ஒரு தீவுக்கும் ஓர் ஆற்றுக்கும் பொதுவாய் வழங்கும் பெயர், ஆற்றுநீரிற் கரைந்துள்ள உலோகத்திற்குச் சான்றாகாது. பொருநை என்னும் பழந்தமிழ்ப் பெயரிலோ செம்பு இல்லை.

ஆய்வு கூறுவது யாது? மேற்பகுதியில் ஆறு கடினமான படிகப் பாறைகளின்மேல் விரைந்து ஓடுகின்றது. அப்பாறைகள் எளிதிற் கரைவன அல்ல. ஆதலின் அங்கு நீரில் உப்புக் குறைவு. கீழே வர வர, வயலினின்று வடியும் நீரும் ஊர்களின் கழிவும் சேர்ந்து உப்பும் உயிர்ப்பொருளும் மிகும். முகத்துவாரத்தை அண்மினால் கடலின் உவர்ப்பும் கூடும். குடிநீரில் இருக்கத்தக்க செம்பின் அளவை இந்தியத் தர நிர்ணய அமைப்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றும், வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை என்றும் வரையறுத்துள்ளது. அஃதாவது, அறிவியல் நோக்கில் செம்பு மிகுதல் சிறப்பன்று; எல்லைக்குள் நிற்றலே சிறப்பு.

நீரைக் காக்கும் நடுவண் சட்டம் 1974இல் இயற்றப்பெற்றது. அதன்வழி ஆறுகள் தன்மையால் வகுக்கப்பெற்றன. குளித்தற்கு ஏற்ற நீரில் உயிர்வேதி ஆக்சிசன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படுதல் கூடாது. நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்குங்கால் அவை உண்ணும் ஆக்சிசனின் அளவு அது. கழிவு மிகுந்தால் அவ்வளவும் மிகும். நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட மாசுற்ற ஆற்றுப்பகுதிகளின் பட்டியலில், தாமிரபரணியின் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையிலான பகுதி இடம்பெற்றது. ஐந்து படிகளுள் கேடு குறைந்ததாகிய ஐந்தாம் படியில் அது வைக்கப்பெற்றது எனினும், குளித்தற்குரிய எல்லையைக் கடந்தது என்பதே அப்படியின் பொருள். அதே 2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தாமிரபரணி மகாபுஷ்கரம் நிகழ்ந்தது; பாபநாசம் முதற் கடல்வரை மக்கள் திரள் திரளாக நீராடினர். ஓர் ஆற்றைத் தூயதென்று போற்றும் மரபும், அதன் தூய்மை குன்றியது என்று காட்டும் அளவும் ஒரே ஆண்டில் எதிரெதிர் நின்றன. போற்றுவோர் அளவைப் படித்திருப்பின் போற்றுதல் குறைந்திராது; காத்தல் மிகுந்திருக்கும் என்பதே நம் கருத்து.

தன்மைக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பையும் மறத்தலாகாது. ஓடும் நீர் குறைந்தால் அதே கழிவு அடர்த்தி மிகும். ஆற்று மணல் மற்றொரு தொடர்பு. ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளே பல குடிநீர்த் திட்டங்களுக்கு ஊற்று. அவற்றைச் சூழ்ந்த மணல் நீரைத் தேக்குவதோடு வடிகட்டவும் செய்கின்றது. மணல் அகன்றால் நீரின் அளவும் கெடும், தன்மையும் கெடும். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010இல் இவ்வாற்றில் மணல் அள்ளுதலை ஐந்தாண்டுக்குத் தடைசெய்தமை இது பற்றியே நினைவு கூரத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பொருநைப் பள்ளத்தாக்கில் நீரறிவு முறை, கன அளவு, தன்மை என மூன்று நிலைகளாக வளர்ந்தது என்பது பெறப்படும். முறையை மட்டும் அறிந்தோர், நகரும் ஆலையும் நாள்தோறும் கொள்ளும் நீரின் பெருமையை உணரமாட்டார். கன அளவை மட்டும் அறிந்தோர், கடைமடையின் உரிமையை மிகை நீர் என்னும் எண்ணுள் மறைத்துவிடுவர். இவ்விரண்டை மட்டும் அறிந்தோர், பங்கிட்டது குடித்தற்கும் குளித்தற்கும் ஆகாத நீராய் முடிவதைக் காணமாட்டார்.

இவ்வொருங்கிணைப்புக்கு இன்று தடையாவது ஆற்றின் பிரிவினையே. 1986இல் தூத்துக்குடி மாவட்டமும், 2019இல் தென்காசி மாவட்டமும் பிரிந்தபின், ஒரே ஆற்று வடிநிலத்தின் கணக்குகள் மூன்று மாவட்ட அலுவலகங்களிற் பிரிந்து கிடக்கின்றன. கல்வெட்டுகள் தொல்லியல் துறையிலும், பாசனப் பதிவேடுகள் பொதுப்பணித் துறை வழிவந்த அலுவலகங்களிலும், நீர்ச்சோதனைக் குறிப்புகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் உள்ளன. சேரன்மகாதேவியை உள்ளிட்ட கன்னடியன் கால்வாய்ப் பாசனப்பகுதி ஒன்றை மட்டுமேனும் எடுத்துக்கொண்டு, கல்வெட்டுகளில் வரும் நீர் பற்றிய சொற்கள், ஊர் வழக்குகள், மிளகுப் பிள்ளையார் வழிபாடு நிகழ்ந்த ஆண்டுகள், கால்வாயின் ஓட்டக் கணக்கு, நீரின் சோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் தொகுத்தல் வேண்டும். அப்பணியிற் பொறியியலார்க்கும் வேதியியலார்க்கும் உரிய பங்கு பெரிது. எனினும் முதற்படி தமிழ்த்துறையாருடையது. காரும் பசானமும், மடையும் உழவு மழையும் வெறும் சொற்கள் அல்ல, அளவைகள் என்பதை எடுத்துக்காட்ட வல்லார் அவரே. நீர் பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களிலும் திட்ட அறிக்கைகளிலும் முடிவு செய்யப்பெறும் இக்காலத்தில், அச்சொற்களை அறிந்தோர் வாளாவிருப்பின், அவை குறித்த உரிமைகளும் சொற்களோடு மறைந்தொழியும். அங்ஙனம் மறையாமற் காத்தல் தமிழாய்வின் கடன்களுள் ஒன்று என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.